மலை இறங்கும் முன், கையெழுத்துப் போடும் முன்: சேலம், ஏற்காடு நோயாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 30 கிலோமீட்டர்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, "சாப்பிட்டுட்டா வந்தீங்க? அப்போ ரத்தம் நாளைக்குத்தான்" என்று கேட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போயிற்று, பஸ் காசும் போயிற்று. டவுனில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், தூரம் மட்டும் குறைவு. கேட்க வேண்டியதைக் காசு கட்டிய பிறகும் கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்பதால்தான் பலருக்கு இழப்பு வருகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

டாக்டர் பார்ப்பதே ஐந்து நிமிஷம். அதற்குள் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது?

எழுதிக்கொண்டு போங்கள். பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் நோட்டுப் புத்தகம் ஒன்று போதும், ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்:

"பெண், 58 வயது, 61 கிலோ. சுகர் 9 வருஷமாக, பிரஷர் 4 வருஷமாக. சாப்பிடும் மாத்திரை: மெட்ஃபார்மின் 500, காலை 1, இரவு 1. ஆம்லோடிபின் 5 இருந்தது, போன மாதம் 10 ஆக்கினார்கள். ஒத்துக்கொள்ளாதது: பெனிசிலின் ஊசி, உடம்பெல்லாம் தடித்தது. ஆபரேஷன்: கர்ப்பப்பை எடுத்தது, 2014. இப்போது: 2 வாரமாக இரண்டு கணுக்காலும் வீங்குகிறது, சாயங்காலம் அதிகம், காலையில் வடிகிறது. மூச்சு வாங்கவில்லை. கேட்க வேண்டியது: வீக்கம் எதனால்? தோட்ட வேலைக்குப் போகலாமா?"

இந்தப் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டரின் கண் ஆம்லோடிபின் வரியில் நிற்கும். கணுக்கால் வீக்கம் அந்தப் பிரஷர் மாத்திரையின் பக்கவிளைவு. அளவைக் கூட்டினால் வீக்கமும் கூடும். அந்த வரி இல்லாமல் "கால் வீங்குதுங்க" என்று மட்டும் சொன்னால், கிட்னிக்கு ஒரு டெஸ்ட், இதயத்துக்கு ஒரு ஸ்கேன் என்று தேடல் நீளும். சில சமயம் வீக்கத்தை வடிக்க இன்னொரு மாத்திரையும் சேர்ந்துவிடும்.

"ரொம்ப நாளா" என்று எழுதாதீர்கள். எத்தனை நாள், எப்போது அதிகம், எதைச் செய்தால் குறைகிறது என்று எழுதுங்கள். மாத்திரைப் பெயரை எழுதத் தெரியாவிட்டால் அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சித்தா மாத்திரை, நாட்டு மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும். "அது மருந்தில்லைங்களே" என்று விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சிலர் கோபிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கேள்வி நீளமாக இருந்தால்தான் சலிப்பு. சுருக்கமாகக் கேளுங்கள்: "சார், எனக்கு என்ன நோய்னு பேர் எழுதித் தர்றீங்களா?" "இந்த மாத்திரை எதுக்குங்க, எத்தனை நாளைக்குங்க?" "எது வந்தா உடனே திரும்பி வரணும்ங்க?" இந்த மூன்றில் கடைசியைக் கேட்க மறக்காதீர்கள். மலையில் இருப்பவர்களுக்கு ராத்திரியில் இறங்குவதா, விடியட்டும் என்று காத்திருப்பதா என்ற முடிவு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வெளியே வருமுன், புரிந்ததை உங்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள்: "அப்போ இது சாப்பாட்டுக்கு முன்னாடி, அது பத்து நாள் மட்டும், சரிங்களா?" தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மருந்துச் சீட்டில் உள்ள எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. எச்.எஸ். படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். அதை மூன்று வேளையும் போடுகிறவர்கள் ஏராளம். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின்.

மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை), படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதி. கிறுக்கலாக இருந்தால் "மெடிக்கல்ல மாத்திக் கொடுத்துடுவாங்க சார், தெளிவா எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அட்டையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பின்பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக்கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் இதைப் பார்க்கலாம். இரண்டு, காலாவதி தேதி. மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள் வரை செல்லும். பத்தில் நாலு மாத்திரை கேட்டால் கடைக்காரர் தேதி அச்சான ஓரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை வெட்டித் தருவார். வெட்டும் முன் முழு அட்டையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வருவதுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. டோலோவும் கால்பாலும் பாராசிட்டமால்தான். சளிக்குத் தரும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. 650 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். குடிப்பவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதற்கும் குறைவு. முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறவர்கள் தங்களுக்குப் பிரஷரோ கிட்னிக் கோளாறோ இருந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். பிரஷரை ஏற்றும், கிட்னியைக் கெடுக்கும்.

மலிவாகக் கிடைக்கும் மருந்து அதே மருந்தா?

மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் அதே மருந்து. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் விலை வெகுவாகக் குறையும். வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், இந்த மூன்றை மட்டும் கம்பெனி மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவில் சிறு மாற்றமும் இவற்றில் உடம்பில் தெரியும். சுகருக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அரசு மருந்து வாங்குகிறவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வந்து தருவார்கள். துணை சுகாதார நிலையத்தின் நர்ஸிடம் கேளுங்கள்.

எந்த டெஸ்டுக்கு வெறும் வயிறு? மாத்திரை போட்டுக்கொண்டு வரலாமா?

வெறும் வயிற்றுச் சுகர் பார்க்க 8 மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம். பால் விடாத காப்பியும் கூடாது. சுகர் மாத்திரையும் இன்சுலினும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாட்டோடுதான். பிரஷர் மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் வழக்கம்போல் போடலாம். அடுத்த ரத்தம், சாப்பிட ஆரம்பித்த முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து. சாப்பிட்டு முடித்ததிலிருந்து கணக்கு வைக்காதீர்கள். அந்தச் சாப்பாட்டோடு தினமும் போடும் மாத்திரையைப் போட்டுவிட வேண்டும். "டெஸ்ட்டுக்குன்னு நிறுத்திட்டேன்" என்றால் வரும் எண்ணை வைத்து டாக்டர் தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடுவார்.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி.க்கு வெறும் வயிறு வேண்டாம். மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் தப்பாகக் காட்டலாம் என்பதால் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு இறங்கி வரிசையில் நிற்கும்போது கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் டெஸ்டை மறந்துவிடுங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்றால் கொலுசு, தாலி, தோடு, ஹேர்பின் எல்லாம் கழற்றியாக வேண்டும். கழற்ற வராத மெட்டியை முந்தின நாளே சோப்பு போட்டுக் கழற்றிப் பாருங்கள். உடம்புக்குள் பிளேட், ஸ்டென்ட், பேஸ்மேக்கர் இருந்தால் தேதி கொடுக்கும்போதே சொல்ல வேண்டும்.

வீட்டில் பார்த்தால் பிரஷர் ஒருமாதிரி, ஆஸ்பத்திரியில் ஒருமாதிரி. எதை நம்புவது?

சரியாகப் பார்த்தால் வீட்டு எண்ணை நம்பலாம். காப்பி, டீ, பீடிக்கு அரை மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். ஏற்காட்டில் எழுந்தவுடன் காப்பி என்பதால் இந்த அரை மணி நேரம் முக்கியம். முதுகு சாய்ந்திருக்க, பாதம் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல். பட்டையைச் சட்டைக்கை மேல் சுற்றாதீர்கள். பேசாதீர்கள். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை, ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரியைக் காட்டுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் நின்றால் அது அதிகம். பருமனான கைக்குச் சின்னப் பட்டை போட்டால் எண் பொய்யாக ஏறும். மெஷின் வாங்கும்போது கையின் சுற்றளவைச் சொல்லி வாங்குங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளை எப்படி வைத்துக்கொள்வது?

தேதி வாரியாக ஒரே ஃபைலில், புதியது மேலே. ஈ.சி.ஜி. தாள் சூட்டில் அச்சாவது. இரண்டு மூன்று வருஷத்தில் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் உறையில் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். பழைய ஈ.சி.ஜி. கையில் இருந்தால், நெஞ்சு வலியோடு போகும் நாளில் இந்த மாற்றம் புதிதா பழையதா என்று டாக்டர் ஒரு பார்வையில் சொல்வார். ஸ்கேன் ஃபிலிமைத் தகரக் கூரைக்கு அடியில் பீரோ மேல் வைத்தால் வெயில் காலத்தில் கறுத்துப்போகும். பாயின் கீழே தட்டையாக வைப்பது மேல். ஸ்கேன் படங்களை சி.டி. டிஸ்கில் கொடுத்தால் தவறாமல் வாங்குங்கள்.

ஆபரேஷனில் கட்டி எடுத்திருந்தால், அந்தக் கட்டியைச் சோதித்துச் சொல்லும் பயாப்சி ரிப்போர்ட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது அது வந்திருக்காது, பிறகு யாரும் போய் வாங்குவதில்லை. தையல் பிரித்தாயிற்று என்று விட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் புற்றுநோய் என்று தெரிந்துகொள்வது இப்படித்தான். இது எங்களுக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். டிஸ்சார்ஜ் தாளில் "பயாப்சி ரிப்போர்ட் வரும் தேதி" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். படித்துப் பார்க்க நேரமே தருவதில்லை. என்ன செய்வது?

உயிர் போகும் அவசரம் இல்லையென்றால் நேரம் கேட்கலாம். என்ன ஆபரேஷன், எதற்கு, செய்தால் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், இந்த ஆறையும் உங்களுக்குப் புரியும் மொழியில் சொன்ன பிறகு போடும் கையெழுத்துதான் சம்மதம். உச்ச நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியது. உள்ளே கேமரா விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்ட வழக்கு அது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது, உயிரைக் காப்பாற்ற உடனே செய்ய வேண்டியதாக இருந்தால் ஒழிய, என்பது தீர்ப்பு.

ஆகவே படிவத்தில் ஆபரேஷன் பெயருக்கான கோடு காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெயரை எழுதி, பக்கம் உண்டென்றால் வலது இடது எழுதி, பிறகு போடுங்கள். மயக்க மருந்துக்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் தனிப் படிவம் உண்டு. எல்லாப் படிவத்தையும் மொத்தமாக நீட்டினால் எது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

நினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் சம்மதம்தான் முக்கியம். 45 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து இருந்தும், அந்தப் பெண்ணின் கையெழுத்து இல்லாவிட்டால் அது சம்மதம் ஆகாது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைரேகை வைக்கலாம். படித்துக் காட்டியவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

அம்மாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாமா?

நம் வீடுகளில் இது பாசத்தில் நடப்பது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் நோய் அவருடையது. முடி கொட்டும்போதும் வார்டில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கும்போதும் அவருக்கே தெரிந்துவிடுகிறது, அதன் பிறகு யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகப் பயப்படுகிறார். டாக்டரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அம்மாகிட்டயே நீங்க கேளுங்க சார்." "என் பையன்கிட்டச் சொல்லிக்கங்க" என்று அவரே சொன்னால் அது அவர் எடுத்த முடிவு.

இன்னொரு டாக்டரிடமும் காட்ட வேண்டும். எப்போது, எப்படி?

கர்ப்பப்பை, பித்தப்பை, முட்டி, முதுகு, ஸ்டென்ட், புற்றுநோய் என்று நாள் குறித்துச் செய்யும் எதற்கும் காட்டலாம். வெடிக்கும் நிலையில் குடல்வால், நடந்துகொண்டிருக்கும் மாரடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு, இவற்றுக்கு இடம் தேடி அலையாதீர்கள். எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துப் போனால் அதே டெஸ்டை இரண்டாம் முறை எடுக்க வேண்டியதில்லை. புற்றுநோய் என்றால் பயாப்சிக்கு எடுத்த சதை இருக்கும் ஸ்லைடையும் (கண்ணாடித் தகடு) மெழுகுக் கட்டியையும், அதை எடுத்த ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். மறுபடி ஊசி குத்த வேண்டாம். எங்கள் யோசனை: தனியாரில் பெரிய ஆபரேஷன் சொன்னவர்கள், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தந்தத் துறையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஆபரேஷன் சொன்ன ஆஸ்பத்திரியோடு சம்பந்தமில்லாத இடம் என்பதால் அந்தக் கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் பணம் கேட்கிறார்கள், ஏன்?

இந்தத் திட்டம் 2012 முதல் இப்போதைய பெயரில் நடக்கிறது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இந்த வரம்பு 2022-க்கு முன் 72,000 ஆக இருந்தது, அப்போது தள்ளப்பட்டவர்கள் மறுபடி முயலலாம். வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று, குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு சேலம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

இடறுவது சில இடங்களில்தான். ஆஸ்பத்திரி திட்டத்தில் இருந்தும் உங்களுக்கு வேண்டிய சிகிச்சைக்கு அனுமதி பெறாமல் இருக்கலாம்; எலும்புக்கு உண்டு, இதயத்துக்கு இல்லை என்பது போல. உங்கள் சிகிச்சை பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆதாரில் ஒரு இனிஷியல், குடும்ப அட்டையில் வேறு என்றால் கம்ப்யூட்டர் ஏற்காது. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இன்னும் தாய்வீட்டுக் குடும்ப அட்டையில் இருக்கும். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டிய திட்டம் இது. முதலில் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டிப் பிறகு வாங்கிக்கொள்ளும் வகை இல்லை. அதனால் அட்மிட் ஆகும் நேரத்திலேயே, பணம் கட்டும் ஜன்னலுக்குப் போகும் முன், அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜைக்குப் போங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேல்காசு கேட்டால் ரசீது கேளுங்கள், 1800 425 3993-க்குப் போன் செய்யுங்கள். ரசீது கேட்ட உடனே சில இடங்களில் பேச்சு மாறிவிடும்.

அட்டை தொலைந்தாலும் குடும்ப அட்டை எண்ணை வைத்துப் பெயரைத் தேடலாம். அட்டை இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தனியார் பாலிசி 5 லட்சம் இருந்தும் பாதிதான் வந்தது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் ரூம் வாடகையில் மாட்டியிருப்பீர்கள். பாலிசியில் நாளுக்கு 5,000 வரை என்று இருக்க, 8,000 ரூபாய் ரூம் எடுத்தால் வாடகையில் 3,000 மட்டும் குறையும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். 1,60,000 என்றால் 1,00,000. மருந்து, உள்ளே வைக்கும் கருவி, டெஸ்ட் ஆகியவற்றில் இப்படிக் குறைக்கக்கூடாது என்பது விதி. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள். 2024 முதல், ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். கம்பெனி பதிலில் திருப்தி இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்யலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பில்லில் எதைப் பார்ப்பது?

மொத்தத் தொகை மட்டும் உள்ள தாளை ஏற்காதீர்கள், வரி வரியாகப் பிரித்த பில் கேளுங்கள். ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முட்டி மாற்றுக் கருவிக்கு அதே வருஷம் ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அந்தக் கருவி வந்த பெட்டியில் பெயரும் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அது உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டப்பட வேண்டும். நாளைக்கு அந்த மூட்டில் கோளாறு வந்தால் அந்த எண் இல்லாமல் எதுவும் பேச முடியாது.

பணம் பாக்கி என்று நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக்கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில் இதுவும் ஒன்று.

மலையில் திடீரென்று உடம்பு முடியாமல் போனால்?

108-க்குப் பேசும்போது எஸ்டேட் பெயர், ஊர், அருகில் எந்தக் கோயில் அல்லது கடை, வண்டி வரும் இடம்வரை ரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். மலைப்பாதையில் என்றால் எத்தனையாவது வளைவு என்று சொல்வது போதும். ஒருவர் டார்ச்சோடு ரோட்டில் நிற்கட்டும். மண் சரிந்து அடிவாரப் பாதை அடைபட்டால் குப்பனூர் வழி உண்டு.

முகம் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் பக்கவாதம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான். இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும் ஊரில், சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் நின்று குளுக்கோஸ் ஏற்றுவது நேர விரயம். நெஞ்சு வலிக்கு வேறு கணக்கு: இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள், ஆகவே வழியில் அங்கே நிற்பது லாபம்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். சாலை விபத்து என்றால், இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் இலவசம், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும்.

கேஸ் ஷீட் (சிகிச்சை விவரம் எழுதிய ஆஸ்பத்திரி ஃபைல்) நகல் தர மறுக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், வாங்கிக்கொண்டதற்கு முத்திரை பெறுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி இது.

ஊசி போடுகிறவர் நிஜமாகவே டாக்டர்தானா?

சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். அலோபதி டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் வருகிறதா பாருங்கள். எண் இல்லை, சீட்டு இல்லை, மாத்திரையைப் பிரித்துப் பொட்டலமாகத் தருகிறார் என்றால் அங்கே போக வேண்டாம். பொட்டலத்தில் என்ன இருந்தது என்று தெரியாமல் அடுத்த டாக்டரும் திணறுவார்.

தப்பு நடந்துவிட்டது. எங்கே போவது?

முதலில் நகல்கள், பிறகு புகார். புகார் கொடுத்த பின் ஃபைல் கிடைப்பது கடினமாகலாம். எல்லா மோசமான முடிவும் தவறான சிகிச்சையால் வருவதில்லை என்பதால், வேறொரு டாக்டரிடம் ஃபைலைக் காட்டி எங்கே தவறு என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். தனியார் ஆஸ்பத்திரியின் பதிவு, வசதி பற்றி என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். அரசு ஆஸ்பத்திரி என்றால் கண்காணிப்பாளரிடம் எழுத்தில், பதில் இல்லாவிட்டால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விவரம் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

நஷ்டஈடு என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரி இதற்குள் வராது. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தவறு நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் சமாதானம் பேசிக்கொண்டிருக்கும் மாதங்களும் அந்த இரண்டு வருஷத்தில்தான் கழியும், ஆகவே காத்திருக்காமல், ஆஸ்பத்திரிக்கு எழுதும் முதல் கடிதத்தைச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, அந்த ஒப்புகையையும் ஃபைலிலேயே சேருங்கள்.